செவ்வாய்க்கிழமை ஆடும் திரை

மானிட்டர் வீட்டுக்கு வந்த அன்றே அபூ ருதைனாவுக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை. பெட்டியில் இருபத்துநாலு இஞ்ச் என்று போட்டிருப்பதாக மகள் ருதைனா சொன்னாள். அவருக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். தையல் டேப்பை எடுத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பிடித்துப் பார்த்தார். இருபத்தொன்றுகூட முழுதாக வரவில்லை.

"மூணு இஞ்ச் அடிச்சுட்டான்."

"குறுக்க அளக்கணும் வாப்பா. மூலைக்கு மூலை. உலகம் பூரா அப்படித்தான் அளக்குறாங்க."

"அப்போ உலகம் பூரா சேந்து ஏமாத்துது. ஜன்னலுக்குத் துணி வாங்கப் போனா மூலைக்கு மூலை அளந்தா குடுக்குறான்?"

அவர் மனைவி நஜாஹ் கதவில் சாய்ந்து இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறவியிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது, பேச்சும் இல்லை. கை பேசும். முப்பத்தைந்து வருஷமாக அந்த வீட்டில் சண்டையும் கொஞ்சலும் கையால்தான். "என்னவாம்?" என்று மகளிடம் கேட்டாள். மகள் கையாலேயே சொன்னாள். நஜாஹ் மானிட்டரையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள். "என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கும் இந்த மனுஷன் இப்படித்தான் ஏற இறங்க அளந்தாரு" என்றன அவள் கைகள்.

மானிட்டர் வாங்கியது விளையாட்டுக்கு இல்லை. ருதைனாவுக்கு முப்பத்திரண்டு வயது. அம்மான் நகரத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கான சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். குளிர்காலத்தோடு அதை மூடிவிட்டார்கள். இப்போது ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள். காது கேளாதவர் ஆஸ்பத்திரியிலோ போலீஸ் ஸ்டேஷனிலோ நின்று போனைத் தூக்கிப் பிடித்தால், இவள் வீட்டிலிருந்தே அவர் கையைப் பார்த்து டாக்டருக்கு வாயால் சொல்ல வேண்டும். டாக்டர் சொல்வதை அவருக்குக் கையால் சொல்ல வேண்டும். அந்த வேலை கிடைக்காவிட்டால் ஜித்தா. அங்கே அவள் சித்தி இருக்கிறாள், ஒரு பள்ளிக்கூடமும் இருக்கிறது. மாசக் கடைசிக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள்.

மகள் போய்விட்டால் நஜாஹை டாக்டரிடம் கூட்டிப்போக அபூ ருதைனாதான். டாக்டர் சொல்வதில் பாதியைத்தான் அவர் மனைவிக்குச் சொல்வார். மீதிப் பாதியை அவரே நம்புவதில்லை. அதனால் நஜாஹ் அவரோடு போக மாட்டாள். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மகள் இல்லாத வீட்டை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் பரீட்சை போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நடந்தது. மானிட்டர் தலையில் கேமரா உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் பரீட்சை எடுத்தவள் ஹைஃபா டீச்சர். அவளுக்கும் காது கேட்காது. நாலே நிமிஷத்தில் கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள்.

"உன் கை நல்ல கை. ஆனா படம் ஆடுது. மூணு வார்த்தைக்கு ஒண்ணுதான் பிடிபடுது. நெஞ்சு வலின்னு நீ சொல்றது வயித்து வலின்னு தெரிஞ்சா அந்த நோயாளி கதி என்ன? அடுத்த செவ்வாய், இதே நேரம். மூணாவது தடவை கிடையாது."

"இனிமே இது என் பொறுப்பு" என்றார் அபூ ருதைனா. நாற்பது வருஷம் ஷேர் டாக்ஸி ஓட்டியவர். தாஜ் குன்றிலிருந்து கீழே டவுனுக்கு, டவுனிலிருந்து மேலே குன்றுக்கு. ஆடுகிறது என்றால் எங்கேயோ லூஸ். இறுக்கினால் நிற்கும். அவர் படித்த படிப்பு அது ஒன்றுதான்.

புதன்கிழமை மானிட்டரைக் கட்டில் மேல் குப்புறப் போட்டு, முதுகில் இருந்த நாலு ஸ்க்ரூவையும் இறுக்கினார். அடிப்பலகைக்குக் கீழே கையால் திருகுகிற திருகு ஒன்று இருந்தது. அது பாதிதான் ஏறியிருந்தது. "பாத்தியா? வேலை பாதி, சிரிப்பு மட்டும் முழுசு" என்று கடைக்காரனைத் திட்டினார். வியாழக்கிழமை பழைய டயர் டியூபைக் கத்தரித்து அடிப்பலகைக்கு அடியில் கொடுத்தார். தரை ஓடு மேடுபள்ளம். மேஜையின் பின்கால் ஒன்று தரையைத் தொடாமல் நின்றது. அதற்கும் ஒரு துண்டு.

பிறகு உயரம். கேமரா ருதைனாவை இடுப்பிலிருந்து தலைக்கு மேல் கை போகிற வரைக்கும் பார்க்க வேண்டும். அதற்காக மூன்று தடித்த புத்தகங்களை அடுக்கி அதன் மேல் மானிட்டரை வைத்திருந்தாள். அவர் பதறிப்போய் உருவினார்.

"அல்லாஹ் பேரு உள்ள இருக்குமே! அது தலையில இதைத் தூக்கி வைப்பியா?"

"ஒண்ணு அகராதி, ஒண்ணு விஞ்ஞானம், ஒண்ணு சமையல் புத்தகம் வாப்பா."

"பிஸ்மில்லா சொல்லாம எவ அடுப்பு பத்த வைப்பா? எங்கயாவது இருக்கும். படிக்கத் தெரியாதவன்னு என்னை ஏமாத்தாத."

அவள் சமையல் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினாள். இருந்தது. மூன்று புத்தகமும் அலமாரிக்குப் போயின. கட்டட முகப்புக்கு ஒட்டிய வெள்ளைக்கல்லில் மிஞ்சிய துண்டு ஒன்று படிக்கட்டுக்கு அடியில் கிடந்தது. ஒரு ஆள் தூக்குகிற கனம். அதைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார்.

சனிக்கிழமைதான் பெரிய வேலை. மேஜையையே சுவரோடு சேர்த்து முடுக்கினார். நாலு இரும்பு ஆங்கிள், எட்டு போல்ட். முடுக்கின பிறகு போல்ட் தலைகளை அரத்தால் ராவி உருட்டினார். இனி எந்த ஸ்பேனரும் பிடிக்காது.

"மேஜைய யாரு வாப்பா தூக்கிட்டுப் போகப்போறா?"

"மோட்டார யாரு தொடப்போறான்னு இருந்தோமே. தொட்டானே!"

மோட்டார் கதை தெருவுக்கே தெரியும். அந்தத் தெருவுக்கு வாரத்தில் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை மட்டும்தான் குழாயில் தண்ணீர் வரும். அன்றைக்கு மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டியை நிரப்பிக்கொண்டால் அடுத்த செவ்வாய் வரை ஓட்டலாம். கட்டடத்து மோட்டார்கள் எல்லாம் கீழே, மீட்டருக்குப் பக்கத்தில் வரிசையாகத் தரையில் நிற்கும். நாலு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை அபூ ருதைனாவின் தொட்டி நிரம்பவில்லை. கீழ்வீட்டு அபூ ஹிக்மத் வால்வைத் திருகிவிட்டார் என்று முடிவு கட்டினார். பார்த்தவர்கள் யாரும் இல்லை. அவருக்குச் சாட்சி தேவைப்படவில்லை. மோட்டாரைக் கழற்றித் தன் முதல் மாடி வீட்டுக்குத் தூக்கி வந்தார். பின்பக்க பால்கனிச் சுவரில் இரும்புத் தாங்கி அடித்து, அதில் முடுக்கி, போல்ட் தலைகளை ராவி, கம்பிக்கூண்டு போட்டுப் பூட்டினார். அன்றிலிருந்து அபூ ஹிக்மத்தோடு பேச்சு இல்லை.

சனிக்கிழமை அவர் மேஜைக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது நஜாஹ் வந்து நின்றாள். அவருக்கு அவள் கால் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கால் இரண்டு தடவை தரையில் உதைத்தது. "வெளிச்சத்த மறைக்காத" என்று கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டினார். கால் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவரும் நஜாஹும் சமையலறையில் உட்கார்ந்து போனில் பார்த்தார்கள். ருதைனா தன் அறையிலிருந்து கையால் பேசினாள். "வாப்பா மீசை தேஞ்ச தொடப்பம் மாதிரி இருக்கு." ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. திரை மலை மாதிரி நின்றது. நஜாஹ் சிரித்தாள். அவரும் சிரித்தார். திங்கட்கிழமையும் அப்படியே நின்றது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கட்டடமே பரபரத்தது. படியெல்லாம் துவைக்கப் போட்ட கம்பளம், வாசலெல்லாம் வாளி. தண்ணீர் எட்டரைக்கு வந்தது. அபூ ருதைனா கூண்டைத் திறந்து மோட்டாரைப் போட்டார். நஜாஹ் அழுக்குத் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்கு ருதைனா கத்தினாள்.

"வாப்பா! ஆடுது!"

போனை வாங்கிப் பார்த்தார். மகளின் விரல்கள் ஈரக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது போல் கலங்கித் தெரிந்தன. போன வாரத்தைவிட மோசம். தேநீர் கிளாஸை மேஜை மேல் வைத்துக் குனிந்து பார்த்தார். தேநீரில் பொடிப் பொடியாக வளையங்கள். கல்லை அழுத்தினார், மானிட்டர் கழுத்தைப் பிடித்தார், மேஜையைத் தள்ளினார். எல்லாம் டைட். இறுக்குவதற்கு அந்த அறையில் எதுவும் மிச்சமில்லை.

"கீழ இருந்து வருது. அவன் வேலைதான். புதுசா எருமை கணக்கா ஒரு மோட்டார் வாங்கி வச்சிருக்கான்ல."

"வாப்பா, சண்டைக்குப் போகாதீங்க."

அவர் பாதிப் படி இறங்கியிருந்தார்.

அபூ ஹிக்மத் நுழைவாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மோட்டார நிறுத்து."

"வஅலைக்குமுஸ்ஸலாம்" என்றார் அபூ ஹிக்மத். "நாலு வருஷம் கழிச்சு வாயத் தொறக்குற. முத வார்த்தை இதுதானா?"

"பத்து மணிக்கு என் பொண்ணுக்குப் பரீட்சை. உன் மோட்டார் என் வீட்டையே ஆட்டுது. வேணும்னே பண்ற."

"ஓய் அபூ ருதைனா, நான் இன்னும் சுவிட்சே போடல. முத ரெண்டு மணி நேரம் துருத் தண்ணி வரும். அதையெல்லாம் நீங்க புடிச்சுக்குங்க. நான் பத்தரைக்குத்தான் போடுவேன். நம்பிக்கை இல்லேன்னா தொட்டுப் பாரு. கடிக்காது."

அபூ ருதைனா குனிந்து உள்ளங்கையை வைத்தார். ஜில்லென்று இருந்தது. ஓடின இன்ஜினும் ஓடாத இன்ஜினும் அந்தக் கைக்குத் தெரியும். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு மோட்டாரும் தரையில் கனத்த ரப்பர் மேல் நின்றன. சுவரைத் தொட்டார். சுவர் செத்துக் கிடந்தது.

"மோந்தும் பாத்துடு" என்றார் அபூ ஹிக்மத். "மனசுல ஒண்ணும் வச்சுக்காத."

அபூ ருதைனா படியேறினார். மேலே நஜாஹ் மகளின் அறையில், மேஜைக்கு மேலே சுவரில் உள்ளங்கையை விரித்து வைத்து நின்றுகொண்டிருந்தாள். அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, அவர் கையைத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். சுவர் விர்ரென்று அதிர்ந்தது. மேட்டில் ஏறும்போது கியர் கம்பி கையில் அதிர்கிற அதே அதிர்வு.

"உங்களோடது" என்றாள்.

"என்னோடது என்ன?"

"மோட்டாரு. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் எது? பால்கனி. பால்கனியில அறைஞ்சு வச்சிருக்கிறது யாரு? எனக்குக் காது கேக்காது. மோட்டார் ஓடுதா நின்னுடுச்சான்னு நாலு வருஷமா இந்தச் சுவத்தத் தொட்டுத்தான் தெரிஞ்சுக்குறேன். போன வாரம் மேஜை சும்மா சாஞ்சுதான் நின்னுச்சு. இப்போ நீங்க அதையும் இதையும் ஒண்ணா சேத்துத் தச்சு வச்சிருக்கீங்க."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா!"

"சொல்லத்தான் வந்தேன். மேஜைக்கு அடியில கெடந்தீங்க. நான் பேசுறது காதுல விழணும்னா என் மூஞ்சியப் பாக்கணும். உங்களுக்கு போல்ட்டு மூஞ்சிதான் அழகா இருந்துச்சு."

ருதைனாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "மேஜைய ஒரு சாண் இந்தப் பக்கம் இழுத்துடலாம் வாப்பா."

மூன்று பேரும் போல்ட்டுகளைப் பார்த்தார்கள். எட்டுத் தலையும் கொண்டைக்கடலை மாதிரி உருண்டையாக மின்னின. ஸ்பேனரை வைத்துப் பார்த்தார். வழுக்கியது. ஆக்சா பிளேடு போட்டு அறுத்தால் எட்டுக்கும் மத்தியானம் ஆகிவிடும். மணி ஒன்பதே முக்கால்.

"மானிட்டர அடுத்த ரூமுக்குத் தூக்கிட்டுப் போ."

"இன்டர்நெட் வயர் எட்டாது. வயர் இல்லாம வர்றத பக்கத்து வீட்டுக்காரன் உறிஞ்சிடுவான்னு அதை மூட வச்சது யாரு?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"மோட்டார நிறுத்துங்க வாப்பா. ஒரு மணி நேரம்."

ஒரு மணி நேரம் என்று வாயால் சொல்லிவிடலாம். தொட்டியில் இன்னும் ஒரு சாண்கூட ஏறியிருக்காது. தண்ணீர் சில செவ்வாய் மத்தியானம் வரை வரும், சில செவ்வாய் பதினொன்றுக்கே போய்விடும். போய்விட்டால் ஒரு வாரம் வறண்டு கிடக்க வேண்டும். லாரித் தண்ணீரை அவர் தொடமாட்டார். எந்தக் கிணற்றில் எடுத்தார்களோ, எதைக் கழுவின லாரியோ.

பால்கனிக்குப் போனார். கூண்டுக்குள் மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் இறுக்கினபடியே இறுக்கமாக இருந்தது. சுவிட்சை அணைத்தார்.

மேஜை மேல் தேநீர் அசையாமல் நின்றது.

பத்து மணிக்குப் பரீட்சை தொடங்கியது. அவரும் நஜாஹும் கேமராவுக்குத் தெரியாமல் நடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, திறந்த கதவு வழியாக மகளைப் பார்த்தார்கள். ஹைஃபா டீச்சர் நோயாளியாக நடித்தாள். ஒரு ஆண் குரல் டாக்டராகப் பேசியது. திரை அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் பேசுவது கேட்டது, மகளின் கை தெரிந்தது.

"மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க?" என்றது குரல். ருதைனாவின் கை அதைக் கேட்டது. திரையில் டீச்சரின் கையைப் பார்த்து ருதைனா வாயால் சொன்னாள்: "போன தடவை ஒரு டாக்டர் வேற சொன்னார். இந்தத் தடவை நீங்க வேற சொல்றீங்க. நான் யாரை நம்புறது?"

இந்தப் பொம்பளைக்கு விவரம் இருக்கிறது என்று அபூ ருதைனா நினைத்துக்கொண்டார்.

டாக்டர் குரல் நீளமாகப் போயிற்று. சர்க்கரை, கண், சிறுநீரகம், எத்தனை நாளைக்கு ஒரு முறை, எது ஆகாது, பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது. ருதைனாவின் கை ஒன்றையும் விடவில்லை. டாக்டர் தயங்கின இடத்தில் அவள் கையும் தயங்கியது. அவர் பயமுறுத்தின இடத்தில் அவள் முகமும் இருண்டது. அவளுக்கு அந்த டாக்டர் மேல் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது.

நஜாஹ் இமைக்காமல் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அபூ ருதைனா அவள் பக்கம் திரும்பவில்லை. எத்தனை டாக்டர்கள் பேசியிருப்பார்கள், எத்தனை பாதியைத் தான் நடுவிலேயே விழுங்கியிருப்போம் என்று யோசித்தார். விழுங்கினது எல்லாம் பொய்யாகத்தான் இருந்ததா? போன வருஷம் அவள் கண்ணைப் பற்றி ஒருவன் என்னமோ சொன்னான். பணம் பிடுங்கப் பார்க்கிறான் என்று அவர் அதைச் சொல்லாமல் விட்டார்.

மனைவியின் முழங்கையைத் தொட்டார். அவள் திரும்பினாள்.

"கண் டாக்டர் உன்னை மறுபடி வரச் சொன்னான். நான் சொல்லல."

"தெரியும்" என்றாள். "அவன் வாய் அசைஞ்சது நீளம். உங்க கை அசைஞ்சது கட்டை." பிறகு மறுபடி மகளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

பத்தே முக்காலுக்கு ஹைஃபா டீச்சர் நடிப்பை விட்டுவிட்டு என்னமோ கேட்டாள் போலிருக்கிறது. ருதைனாவின் கை பதில் சொன்னது. "இன்னிக்கு எங்க தெருவுக்குத் தண்ணி நாள். ஆட்டம் எங்க மோட்டாராலதான். வாப்பா நிறுத்திட்டாரு." அப்புறம் சிரித்தாள். அப்புறம் அவள் கை, தான் பார்த்ததைத் தானே நம்பாமல் திருப்பிக் கேட்டது. "இந்த ஞாயிறேவா? ஒன்பதுல இருந்து மூணு. ஞாயிறு முதல் வியாழன். சரி. செவ்வாயும் உண்டா? சரி."

திரை அணைந்ததும் நஜாஹ் உள்ளே ஓடி மகளின் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டாள். அபூ ருதைனா பால்கனிக்கு ஓடி மோட்டாரைப் போட்டார். இருபது நிமிஷம் இழுத்தது. பிறகு காற்றைக் குடித்து இருமியது. பதினொன்றேகாலுக்குத் தண்ணீர் போய்விட்டது.

சாயங்காலம் மொட்டைமாடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஏறிப் பார்த்தார். அபூ ஹிக்மத்தின் மனைவி தன் தொட்டியில் ஒரு ஹோஸைப் போட்டு மறுமுனையை இவர்கள் தொட்டிக்குள் விட்டிருந்தாள். நஜாஹ் மேலேறி நின்று ஹோஸைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டுப் பண்ணின?"

நஜாஹ் ஹோஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையை விடுவித்தாள். "உங்களைக் கேட்டா விஷம் கலந்திருக்கும்னு சொல்வீங்க. அதான் கேக்கல."

அவர் தொட்டிக்குள் கையை விட்டு, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். தண்ணீர்தான்.

ஆனால் அடுத்த செவ்வாயும் இருக்கிறது, அதற்கடுத்த செவ்வாயும் இருக்கிறது. மகள் ஒன்பதிலிருந்து மூன்று வரை அந்த மேஜையில் இருப்பாள். புதன்கிழமை காலையில் ஆக்சா பிளேடை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். மேஜை போல்ட்டை அவர் தொடவில்லை. மேஜை நன்றாகத்தான் நிற்கிறது. மோட்டார் போல்ட்டில் பிளேடை வைத்தார். நாலு வருஷத்துக்கு முன் நல்ல இரும்பாகப் பார்த்து வாங்கியிருந்தார். முதல் போல்ட்டுக்கே இரண்டு பிளேடு உடைந்தது.

கீழே முற்றத்திலிருந்து அபூ ஹிக்மத் அண்ணாந்து பார்த்தார். "என்ன, கட்டடத்த அறுத்துப் பங்கு பிரிக்கிறியா?"

"மோட்டார கீழ எறக்கப் போறேன்."

"பழைய எடம் காலியாத்தான் கெடக்கு" என்றார் அபூ ஹிக்மத். கொஞ்ச நேரத்தில் படியேறி வந்துவிட்டார்.

நாலாவது போல்ட்டும் அறுந்ததும் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டிருந்தது. படித் திருப்பத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள்.

"கூண்டும் கீழ வருமா?"

"வரும்."

"பூட்டு?"

"அதுவும்தான்."

"நான்தான் வால்வத் திருகினேன்னு இன்னும் நெனக்கிறியா?"

அபூ ருதைனா யோசித்தார். மனதில் இல்லாததைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "நெனக்கிறேன்" என்றார். பிறகு, "ஆனா முன்ன மாதிரி இல்ல."

அபூ ஹிக்மத் சுவரில் சாய்ந்து இருமி இருமிச் சிரித்தார். "இந்த வயசுல எனக்கு இதுவே போதும்யா. தூக்கு. முட்டி கழண்டுடும் போல இருக்கு."

தாமிரச் சுருளெல்லாம் அபூ ஹிக்மத் பிடித்திருந்த பக்கத்தில் இருந்தது. இந்தப் பக்கம் லேசு. அது தெரிந்துதான் அபூ ருதைனா இந்தப் பக்கத்தைப் பிடித்திருந்தார்.

"நீ இங்க வா" என்றார். "நான் அங்க வரேன்."